லினக்ஸ் கர்னல் சோதனை: ஓடாத டெஸ்ட் ‘பாஸ்’ ஆகுமா?

கேரளப் பள்ளிக் கணினிகளுக்கான இயங்குதளத்தைத் தருவது திருவனந்தபுரத்தில் உள்ள கைட் நிறுவனம். அதன் அடித்தளம் லினக்ஸ் கர்னல். கர்னலில் ஒரு பழுது நழுவினால் வகுப்பறை வரை வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் கர்னலுடனேயே ‘செல்ஃப்டெஸ்ட்’ எனும் சோதனை நிரல்களும் வருகின்றன.

முன்பு ஒவ்வொரு சோதனையும் தன் இஷ்டத்துக்கு முடிவைச் சொல்லும். மனுஷன் படிச்சா புரியும். ஆனால் ஆயிரக்கணக்கில் வரும்போது எண்ணுவது இயந்திரம்தானே? அதனால் பெர்ல் மொழியின் சோதனைகளில் பிறந்த ‘டாப்’ வடிவம் கர்னலுக்கும் வந்தது. கர்னலுக்கேற்ற ‘கேடாப்’ விதிகள் 2022-ல் அதன் ஆவணங்களில் சேர்ந்தன.

முதலில் ‘1..5’ என்று அறிவிக்க வேண்டும், அதாவது ஐந்து சோதனைகள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’. மூன்றாவதோடு கணினி உறைந்துபோனால், மீதி இரண்டைக் காணோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

சிக்கல் ‘ஸ்கிப்’பில்தான். தேவையான வன்பொருள் இல்லாததால் சோதனை ஓடவே இல்லை. ஆனாலும் அந்த வரி ‘ஓகே’ என்றுதான் தொடங்கும், ‘ஸ்கிப்’ குறி பின்னால் வரும். குறியைப் பார்க்காமல் எண்ணினால் ஓடாததும் பாஸ் கணக்கில் சேரும். எக்செல்லில் காலிக் கட்டத்தைப் பூஜ்யம்னு கூட்டிக்கிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வலி தெரியும். செல்ஃப்டெஸ்ட் நிரல் முடியும்போது தரும் எண்ணிலும் இந்த வித்தியாசம் உண்டு: பாஸ் 0, ஃபெயில் 1, ஸ்கிப் 4.