கடல் தாவரங்களின் ஒளிச்சேர்க்கை

கடல் தாவரங்களின் ஒளிச்சேர்க்கை என்பது கடற்பாசிகள், கடற்புற்கள், மிதவை நுண்தாவரங்கள் ஆகியவை நீரை ஊடுருவி வரும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்வாகும். நிலத் தாவரங்களுக்கு நீர் கிடைப்பதே பெரும்பாடு. கடல் தாவரங்களுக்கு ஒளி கிடைப்பதே பெரும்பாடு.

நீரில் ஒளி குறைதல்

சூரிய ஒளியின் எல்லா நிறங்களும் நீரில் ஒரே அளவு ஆழத்திற்குச் செல்வதில்லை. சிவப்பு ஒளி முதல் 10 மீட்டருக்குள் ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்படுகிறது. தெளிந்த பெருங்கடலில் நீல ஒளி 100 மீட்டருக்கும் கீழே செல்கிறது. கரையோர நீரில் கலந்துள்ள மட்கிய பொருள்கள் நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால், அங்கு பச்சை ஒளியே அதிக ஆழம் செல்கிறது.

நிறமிகளின் பணி

பச்சையம் நீல, சிவப்பு ஒளிகளை நன்கு ஏற்கும். பச்சை ஒளியை மிகக் குறைவாகவே ஏற்கும். இக்குறையைத் துணை நிறமிகள் ஈடுசெய்கின்றன. சிவப்புப் பாசிகளில் உள்ள பைக்கோஎரித்ரின் பச்சை ஒளியை ஏற்று, அந்த ஆற்றலைப் பச்சையத்திற்குக் கடத்துகிறது. பழுப்புப் பாசிகளில் ஃபியூகோசாந்தின் இப்பணியைச் செய்கிறது.

பகாமாசு தீவுகளுக்கு அருகே 268 மீட்டர் ஆழத்தில் சுண்ணச் சிவப்புப் பாசி வளர்வதை 1985இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் சிவப்புப் பாசிகள் ஆழத்தில் மட்டுமே வாழ்பவை அல்ல. இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் ஆழம் குறைந்த நீரில் வளரும் சிவப்புப் பாசிகளே. பழுப்புப் பாசியான கட்டக்கோரை, தன் சிறு காற்றுப்பைகளின் உதவியால் ஒளியை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது.

கடற்புற்களின் தேவை

கடற்புற்கள் பாசிகள் அல்ல. வேர், தண்டு, இலை, பூ உள்ள பூக்கும் தாவரங்கள். இவற்றின் இலைகளில் இலைத்துளைகள் இல்லை. பசுங்கணிகங்கள் இலையின் மேல்தோலிலேயே செறிந்திருப்பதால், கிடைக்கும் ஒளி வீணாவதில்லை. எனினும், ஆக்சிசன் இல்லாத சேற்றில் புதைந்துள்ள வேர்களுக்கு இலைகளே ஆக்சிசனை அனுப்ப வேண்டும். எனவே நீர்மட்டத்தில் விழும் ஒளியில் சுமார் 10 விழுக்காடாவது இவற்றுக்குத் தேவை. பல பாசிகளுக்கு 1 விழுக்காடே போதும்.

பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும்

தமிழ்நாட்டில் கடற்புல்வெளிகள் மிகுந்துள்ள பகுதிகள் இவை. கடற்புல்லை உண்டு வாழும் ஆவுளியா எனப்படும் கடற்பசு, நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ வரை புல் மேய்கிறது. பல மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் இப்புல்வெளிகளில் வளர்கின்றன.

இங்கு ஆழத்தைவிடக் கலங்கலே ஒளிக்குப் பெருந்தடை. இழுவைமடிகள் கடலடியைக் கிளறும்போது புற்கள் வேரோடு பெயர்வதுடன், எழும் சேறு நீரைக் கலக்கி இலைகள் மீதும் படிகிறது. கழிவுநீரில் உள்ள சத்துகளால் பெருகும் நுண்பாசிகளும் இலைகளை மூடுகின்றன. இந்நிலை நீடித்தால், வேர்க்கிழங்குகளில் சேமித்த உணவு தீர்ந்து புல் மடிகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நீர் தெளிவாக இருந்தால்தான் அங்குள்ள புல்லுக்கு ஒளி கிட்டும். புல் தழைத்தால்தான் கடற்பசு நிலைக்கும்.