கேமரன் மலைப் பயணம்: கூட்டமும் கடியும்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே பூச்சோங், கிள்ளான் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கேமரன் மலைக்குப் போவோமா?" நம் நாட்டில் கோடைகாலம் எனத் தனியாக ஒன்று கிடையாது, ஆண்டு முழுதும் வெயில்தான். ஆகவே, விடுமுறைதான் நமக்குக் கோடை.

'மலைநாட்டுச் சுற்றுலா' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் குளிர், தேயிலை, ஸ்ட்ராபெரி என்று எழுதி முடித்துவிடும் மாணவர்களே அதிகம். கூட்டத்தையும் பூச்சிக்கடியையும் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டாலும் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். உண்மையில் ஒன்று மற்றொன்றைக் கூட்டுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இவ்வளவு நெரிசல்?

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங் மலைப்பகுதியை ஆய்வு செய்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அம்மலைச் சரிவுகளில் தேயிலை வளர்ந்ததில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

அன்று எளிதில் போக முடியாத காடு. இன்று பூச்சோங்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். ஆனால் மலையேறப் பெரும்பாலோர் பயன்படுத்துவது இரண்டே சாலைகள்: தாப்பா வழி, சிம்பாங் பூலாய் வழி. மேலே போனபின் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாவற்றையும் ஒரே முதன்மைச் சாலைதான் இணைக்கிறது. எல்லாரும் ஒரே வாரத்தில் கிளம்பினால் ஜாம் ஆகாமல் என்ன செய்யும்?

கூட்டம் கடியை எப்படிக் கூட்டுகிறது?

முதலாவது, நேரம். காலையில் நடக்க வேண்டிய காட்டுப் பாதைக்கு, நெரிசலில் மாட்டிக்கொண்டு மாலையில் போய்ச் சேர்கிறோம். அந்தி நேரம்தான் பல கொசு வகைகள் இரை தேடும் நேரம். இரண்டாவது, குப்பை. வீசியெறிந்த நெகிழிக் குவளையில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மூன்றாவது, தீனி. பயணிகள் போடும் உணவுக்காகக் குரங்குகள் சாலையோரம் வந்து பழகிவிடுகின்றன. இதன் ஆபத்தைக் கீழே காண்க.

கடிப்பவை எவை?

அட்டை: இது பூச்சியே அல்ல, மண்புழுவின் இனம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்துவதால் கடிவாயில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பொதுவாகப் பெரிய ஆபத்தில்லை. வெடுக்கென்று பிச்சு எடுக்காதீங்க. விரல் நகத்தை ஒட்டுறிஞ்சியின் அடியில் நுழைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

அகாஸ்: மலாயில் இப்படி அழைக்கப்படும் மிகச் சிறிய கடிக்கும் ஈ. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் நுழைந்துவிடும். சொறியச் சொறியப் புண்ணாகும்.

சிற்றுண்ணி: இது சிலந்தியின் இனம். புல்வெளியிலும் புதரிலும் இருக்கும் இதன் இளம்பருவம் 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சலைப் பரப்பும். கடித்த இடத்தில் சிலருக்குக் கறுத்த பொருக்கு தோன்றும். இக்காய்ச்சலைக் குளோராம்பெனிகால் மருந்து குணப்படுத்தும் என்பது 1948இல் நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் சோதித்து உறுதி செய்யப்பட்டது.

கொசு: இரத்தம் உறிஞ்சுவது பெண் கொசு மட்டுமே. ஏடிஸ் டிங்கியைப் பரப்பும். காட்டு அனாஃபிலிஸ் கொசுக்களில் சில வகைகள் குரங்கு மலேரியாவைப் பரப்பும்.

குரங்கு மலேரியா

1965இல் பகாங் காட்டில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க நில அளவையாளருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் வேறு வகை மலேரியா என்றே கருதினார்கள். பிறகுதான் அது குரங்குகளிடம் காணப்படும் 'நோலெசி' எனத் தெரிந்தது. இயற்கையாக மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான முதல் நோலெசி அதுவே. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் நோலெசி மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது, உயிரிழப்பும் உண்டு. இக்கிருமி இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். எனவே "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

பள்ளிச் சுற்றுலா நடத்தும் ஆசிரியர்களுக்கு

வார இறுதியைத் தவிர்த்து வார நாளில் செல்லுங்கள். காட்டு நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாணவர்கள் வெளிர்நிற முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை அணிந்து, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும். டீட் கலந்த பூச்சி விரட்டியைப் புட்டியில் உள்ள குறிப்புப்படி பூசட்டும். குரங்குக்குத் தீனி போட விடாதீர்கள். குப்பையைப் பையில் கட்டிக் கீழே கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் மாணவருக்குக் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் முதல் வார்த்தையாக "காட்டுப் பக்கம் போய் வந்தான்" என்று சொல்லும்படி பெற்றோரிடம் முன்கூட்டியே கூறுங்கள். புறநகர்க் கிளினிக்கில் காய்ச்சல் என்றால் டிங்கியைத்தான் முதலில் நினைப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்தால்தான் மலேரியாவுக்கான இரத்தச் சோதனையும் நடக்கும்.

தேர்வு மாணவர்களே, இத்தலைப்பில் எழுதும்போது காரணம், விளைவு, தீர்வு என்ற வரிசையில் கருத்துகளை இணையுங்கள். "மலையில் கூட்டம் அதிகம், கொசு அதிகம்" என்பது வெறும் செய்தி. "நெரிசலால் நடை அந்திக்குத் தள்ளிப்போகிறது, ஆகவே கொசுக்கடி கூடுகிறது" என்பதே விளக்கம்.