விமானம் குலுங்கும்போது டீ, காபி தர மறுப்பது ஏன்? வெளிநாடு செல்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலியனூர்:

விழுப்புரம் அருகே உள்ள கோலியனூர் மற்றும் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று வேலைக்குப் போனவர்கள் உண்டு. லீவில் வந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு விமானத்தைப் பற்றி வராமல் இருக்காது. அப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு குறை, "டீ கேட்டா தர மாட்டேங்கிறாங்க, உட்காருன்னு அதட்டுறாங்க, காசு குடுத்துதானே போறோம்?" என்பதுதான்.

காசு கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் டீ தராமல் இருப்பது நம் தொடையைக் காப்பாற்றத்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

பஸ்சில் ஒரு டம்ளர் டீ

கோலியனூரில் இருந்து புதுச்சேரி போகும் பஸ்சில் ஏறுகிறீர்கள். கையில் ததும்பத் ததும்ப சூடான டீ. டிரைவர் வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? டீ நம் மேலேயும் பக்கத்து சீட்காரர் மேலேயும்தான். அதனால்தான் யாரும் டம்ளரோடு பஸ் ஏறுவதில்லை.

வானத்திலும் மேடு பள்ளம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இடி மேகத்துக்குள் காற்று மேலும் கீழுமாகப் பாயும். மலைகளின் மேல் மோதிய காற்று சுழலும். மிக உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் காற்றின் ஓரத்தில் விமானம் போனாலும் தூக்கிப் போடும். மேகத்தால் வரும் குலுங்கலை ரேடாரில் பார்த்து விமானி ஒதுங்கிப் போகலாம். மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் வரும் குலுங்கல் ரேடாரில் தெரியாது.

இது கூடிக்கொண்டும் வருகிறது. வட அட்லாண்டிக் கடலுக்கு மேல் 1979-ல் இருந்ததைவிட 2020-ல் இத்தகைய கடுமையான குலுங்கல் நேரம் 55 சதவீதம் அதிகரித்துவிட்டதாக இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2023-ல் தெரிவித்தனர். பூமி சூடாவதே காரணம் என்பது அவர்கள் கருத்து.

8 நொடியில் நடந்த விபரீதம்

2024-ம் ஆண்டு மே 21-ந்தேதி. லண்டனில் இருந்து சிங்கப்பூருக்கு 211 பயணிகள், 18 சிப்பந்திகளுடன் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் பறந்துகொண்டிருந்தது. மியான்மர் நாட்டுக்கு மேலே சுமார் 37 ஆயிரம் அடி உயரம். காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்த நேரம்.

திடீரென விமானம் குலுங்கியது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்து சுமார் 8 நொடிதான் ஆகியிருக்கும். விமானம் அப்படியே கீழே இறங்கியது. 4.6 நொடியில் 178 அடி இறக்கம். பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி வீசப்பட்டு கூரையில் மோதினர். அடுத்த சில நொடியில் விமானம் மேலே எழும்ப, அத்தனை பேரும் கீழே விழுந்தனர். தட்டு, காபி, சாப்பாடு எல்லாம் சிதறியது.

விமானம் பாங்காக்கில் அவசரமாக இறக்கப்பட்டது. 73 வயது இங்கிலாந்துக்காரர் ஒருவர் உயிரிழந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று கூறப்பட்டது. ஏராளமானோர் காயம் அடைந்தனர்.

உலகையே உலுக்கிய இந்த சம்பவத்துக்குப் பிறகு 3 நாளில் அந்த நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் தருவதை ஏற்கனவே நிறுத்தி வைப்பார்கள். இனி சாப்பாடும் கிடையாது என்பதே அந்த அறிவிப்பு.

அதே ஆண்டு ஆகஸ்டில் கொரியன் ஏர் நிறுவனம் நீண்டதூர விமானங்களில் சாதாரண வகுப்புக்கு கப் நூடுல்ஸ் கொடுப்பதையே நிறுத்தியது. குலுங்கலில் கொதிநீர் கொட்டி பயணிகளுக்கு காயம் ஏற்படும் என்பதே காரணம்.

8 நொடியில் கையில் இருக்கிற டீயை என்ன செய்ய முடியும்? குடித்து முடிக்கவும் முடியாது, வைக்க இடமும் இருக்காது. அதனால்தான் விளக்கு எரிந்தால் டீ இல்லை.

ஆறின டீயும் சுடும்

விமானத்தில் டீ அவ்வளவு சூடாக இருக்காதே என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும்.

ஆனால் தோல் வேகுவதற்கு 93 டிகிரி தேவையில்லை. 70 டிகிரி சூட்டில் ஒரு நொடி பட்டாலே ஆழமான தீப்புண் வரும். 60 டிகிரியில் 5 நொடி போதும். பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் சட்டென்று எழுந்து உதறவும் முடியாது. ஜீன்ஸ் பேன்ட் டீயை உறிஞ்சிக்கொண்டு சூட்டை தோலோடு ஒட்டி வைத்திருக்கும். குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

2023 ஆகஸ்டில் டெல்லியில் இருந்து ஜெர்மனியின் பிராங்க்பர்ட் சென்ற விஸ்தாரா விமானத்தில் சூடான பானம் கொட்டி 10 வயது சிறுமிக்கு தீக்காயம் ஏற்பட்டது. தவறு யார் பக்கம் என்பதில் குடும்பத்தினர் ஒன்று சொல்ல, நிறுவனம் வேறு சொன்னது. செலவை நிறுவனம் ஏற்பதாக அறிவித்தது. ஆனால் வலி அந்தக் குழந்தைக்குத்தான்.

வேலைக்குப் போகிறவர் நிலையையும் யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கி, ஏஜெண்டுக்கு பணம் கட்டி, போய் இறங்கும்போது தொடையில் கொப்புளம். முதல் வாரமே லீவு என்றால் கம்பெனிக்காரன் என்ன சொல்வான்?

அவர்களும் தொழிலாளிகள்தான்

டீ தர மறுக்கும் பணிப்பெண் மீது கோபப்படுகிறோம். குலுங்கலில் அதிகம் அடிபடுவது அவர்கள்தான். அமெரிக்காவில் 2009 முதல் 2018 வரை குலுங்கலால் பலத்த காயம் அடைந்தவர்களில் கிட்டத்தட்ட 5-ல் 4 பேர் விமான சிப்பந்திகள். நாம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, கனமான தள்ளுவண்டியோடும் கொதிநீர் கெட்டிலோடும் நடந்துகொண்டிருப்பது அவர்கள்தானே.

கவனிக்க வேண்டியவை

* பெல்ட் விளக்கு எரிந்தால் டீ, காபி, கொதிநீர் ஊற்றும் நூடுல்ஸ் எதுவும் கேட்காதீர்கள். விளக்கு அணையும்வரை பொறுங்கள்.

* டீ வாங்கும்போது முக்கால் கப் போதும் என்று சொல்லுங்கள். மூடி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

* குழந்தை மடியில் இருந்தால் சூடான பானமே வேண்டாம். பக்கத்து சீட்டில் இருந்தாலும் கப்பை குழந்தைக்கு எட்டாத பக்கம் வையுங்கள்.

* சிப்பந்தி நீட்டும் கப்பை குழந்தையின் தலைக்கு மேலாக வாங்காதீர்கள்.

* விளக்கு எரியாவிட்டாலும் உட்கார்ந்திருக்கும்போது பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

* றெக்கைக்கு அருகில் உள்ள சீட்டில் குலுக்கல் கொஞ்சம் குறைவு. வால் பக்கம் அதிகம்.

கொட்டிவிட்டால்?

உடனே சிப்பந்தியை கூப்பிடுங்கள். நனைந்த துணியை சூட்டோடு விடாமல் விலக்குங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். குளிர்ந்த சாதாரண தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். பெல்ட் விளக்கு எரிந்தால் எழுந்து ஓட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பாட்டில் தண்ணீரை ஊற்றலாம். ஐஸ் கட்டி வைக்கக்கூடாது. நம் ஊரில் செய்வதுபோல் பேஸ்ட், இங்க், மாவு தடவவே கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்கும். 1999-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளும் அதில் உள்ளன. அதன்படி, நாடு விட்டு நாடு செல்லும் விமானத்துக்குள் விபத்தில் பயணிக்கு காயம் ஏற்பட்டால் நிறுவனமே பொறுப்பு. ஒன்றரை கோடி ரூபாய்க்கு மேல் உள்ள ஒரு வரம்பு வரை 'எங்கள் மேல் தவறில்லை' என்று சொல்லி நிறுவனம் தப்பிக்க முடியாது. அதற்காக எல்லோருக்கும் கோடி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நிரூபிக்கும் இழப்புக்குத்தான் பணம்.

2015-ல் ஸ்பெயினின் மயோர்காவில் இருந்து வியன்னா சென்ற விமானத்தில் தந்தையின் முன்பலகையில் இருந்த காபி சாய்ந்து சிறுமிக்கு தீக்காயம் ஏற்பட்டது. விமானம் குலுங்கியதா இல்லையா என்பதே நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் இதுவும் விபத்துதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

ஒன்றை மறக்கக்கூடாது. பயணியின் அஜாக்கிரதை நிரூபிக்கப்பட்டால் தொகை குறையும். உட்காரச் சொல்லியும் கேட்காமல் எழுந்து நின்று அடிபட்டால் வழக்கு பலவீனம் ஆகும்.

எனவே காயம்பட்டால் இறங்குவதற்கு முன்பே சிப்பந்தியிடம் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காயத்தை போட்டோ எடுங்கள். போர்டிங் பாசை தூக்கிப் போடாதீர்கள். விமான நிலைய டாக்டரிடம் காட்டி சீட்டு வாங்குங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். வழக்குப் போட சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

அடுத்த முறை "இப்ப டீ இல்லைங்க, உட்காருங்க" என்று சொன்னால் கோபப்படாமல் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். டீயை ஊருக்கு வந்து நிதானமாகக் குடித்துக்கொள்ளலாம்.