வைக்கோல் உருளைக்கு வலையா, சணலா? பேலர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் கேட்கும் முதல் கேள்வி, ‘மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?’ என்பது. இரண்டாவது கேள்வி, ‘பேலர் எப்போ வருது?’ என்பது. கதிர் அரிவாளும் களத்துமேடும் இருந்த காலத்தில் இரண்டாவது கேள்விக்கே இடமில்லை. தாள் கட்டாக வந்து, போர் அடித்து, வைக்கோல் போராக ஏறிவிடும். போர் போடத் தெரிந்த கை இருந்தால் போதும். மேலே விழும் மழை சரிந்து ஓடிவிடும், உள்ளே வைக்கோல் பொன் நிறம் மாறாமல் இருக்கும். இன்று அறுவடை வண்டி நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலில் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அதை வாரிக் கட்ட ஆள் கிடையாது. அதனால்தான் டிராக்டருக்குப் பின்னால் ஓடும் உருளை பேலர் டெல்டாவில் இவ்வளவு வேகமாகப் பரவியது.

திருவாரூர் மாவட்டத்தில் நாங்கள் ஆறு இயற்கை உழவர் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேலர் வாங்குவது என்று முடிவெடுத்தோம். எல்லாருக்கும் சேர்த்து 44 ஏக்கர் நிலம், 11 மாடுகள். விசாரிக்கப் போன இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: “சார், வலை சுத்துற மாடல் எடுங்க. நூல் எல்லாம் பழைய டைப்.” விலையிலும் வித்தியாசம் இருந்தது. அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது, நம் மாட்டுக்கும் மண்ணுக்கும் என்ன போகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பேலர் வாங்கப் போகிறவர்களுக்கும், வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கும் இது உதவும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உருளை பேலரின் முன்பக்கத்தில் கம்பி விரல்கள் கொண்ட உருளை சுழன்று வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே இருக்கும் உருட்டுக் குழாய்களோ, சங்கிலியோ, பெல்ட்டோ அதைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். அறை நிறைந்ததும் மணி அடிக்கும். ஓட்டுநர் முன்னால் போவதை நிறுத்தி, பி.டி.ஓ.வை மட்டும் ஓடவிடுவார். அந்த நேரத்தில்தான் உருளையைச் சுற்றி நூலோ வலையோ ஏறுகிறது. பிறகு பின்கதவு திறந்து கட்டு வெளியே விழுகிறது.

சதுரக் கட்டு கட்டும் இயந்திரத்தில் முடிச்சுப் போடும் பகுதி உண்டு. அதுதான் அடிக்கடி தகராறு செய்யும். உருளை பேலரில் முடிச்சே கிடையாது. நூலைப் பல சுற்றுச் சுற்றி அறுத்து விட்டுவிடும், வைக்கோலின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் நூல் மாடல் என்றாலே பழுது அதிகம் என்பது சரியான பேச்சு அல்ல.

நூல் என்றால் எங்கள் பக்கத்துச் சிறிய பேலரில் 10 முதல் 12 சுற்று. வலை என்றால் 2 முதல் 3 சுற்று போதும். வலை உருளையின் முழு அகலத்தையும் மூடுவதால் கட்டு இறுக்கமாக நிற்கும், ஓரம் உதிராது. நேரமும் மிச்சம். இரண்டு வகையையும் வயலில் ஓடவிட்டு நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். நூலுக்கு ஒரு கட்டுக்குச் சுமார் 20 நொடி, வலைக்கு 8 நொடி. எங்கள் வயலில் ஏக்கருக்கு 40 கட்டு விழுகிறது. அப்படியென்றால் ஏக்கருக்கு மிச்சமாவது 8 நிமிடம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வாடகைக்கு ஓட்டுபவருக்கு இது பெரிய லாபம். எங்களைப் போல் ஒரு பருவத்துக்கு 44 ஏக்கர் ஓட்டுபவர்களுக்கு மொத்தமே ஆறு மணி நேரம்தான்.

மழைக்கு வலை காக்குமா?

வலையின் பெருமையில் முதலில் சொல்லப்படுவது, “வெளியில் கிடந்தாலும் நனையாது” என்பது. இதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1971-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் என்பவர் ஆள் உயரத்துக்குப் பெரிய உருளை கட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். முதலில் நூல்தான் சுற்றினார்கள், வலை பின்னால் வந்தது. அங்கே ஒரு உருளை நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும். அதைத் தூக்குவது இயந்திரம். கொட்டகைக்குள் வைக்க இடம் போதாமல் மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடக்கும். மேலே வழவழப்பாக மூடிய வலை மழைநீரை ஓரளவு வழிந்தோடச் செய்கிறது. அங்கே வலைக்கு வேலை இருக்கிறது.

நம் உருளை அப்படி அல்ல. குறுக்களவு சுமார் 60 சென்டிமீட்டர். ஒரு ஆள் தூக்கிவிடலாம், எடை 15 கிலோ அளவுதான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. மழையில் வெளிப்பக்கம் 4 சென்டிமீட்டர் மட்டும் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய உருளையில் அது மொத்த வைக்கோலில் 10 சதவிகிதம். நம் 60 சென்டிமீட்டர் உருளையில் அதே 4 சென்டிமீட்டர் 25 சதவிகிதம்! சின்ன உருளையில் தோல் அதிகம், சதை குறைவு.

வலையும் ஓட்டையுள்ள பொருள்தான், தார்ப்பாய் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிறிய உருளையை வலையை நம்பி வெளியில் போட்டால் நாலில் ஒரு பங்கு போவது உறுதி. வலை மழையின் ஒரு பகுதியை வழியவிட்டாலும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது தடுக்காது. அடிப்பக்கத்தில் பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடவும் முடியாது. ஆகவே நம் பக்கம் வைக்கோலைக் காப்பது கூரையும் மேடையும்தான். இரண்டு மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நாங்கள் அப்படியே ஒரு கீற்றுக் கொட்டகைக்கும், அடியில் பரப்பப் பனை மட்டை, சவுக்குக் கழிக்கும் ஒதுக்கிவிட்டோம்.

மாட்டு வயிற்றில் வலை

விற்பனையாளர் யாரும் இதைப் பேசுவதில்லை. வலை என்பது பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். கட்டைப் பிரிக்கும்போது முழுதாக உரிந்து வந்தால் நல்லது. ஈரத்தில் ஒட்டியிருந்தாலும், அவசரத்தில் அரிவாளால் நாலு இடத்தில் கொத்தினாலும், துண்டு துண்டாக வைக்கோலோடு கலந்துவிடும். மாடு உதட்டால் பொறுக்கித் தின்னும் ஆடு அல்ல. நாக்கால் வளைத்து வாரி விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். வலைத் துண்டு முதல் இரைப்பையில் தங்கிவிடும்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டின் இரைப்பையில் வைத்த பிளாஸ்டிக் வலை செரிக்கவில்லை. கற்றாழை நார்க் கயிறு மட்டும் பெருமளவு கரைந்தது. வலை தங்கித் தங்கிப் பந்தாகச் சுருண்டால் மாட்டுக்குப் பசி குறையும், வயிறு உப்பும், பால் இறங்கும். காரணம் தெரியாமலே மாடு இளைத்துக்கொண்டு போகும். பக்கத்து ஊரில் ஒரு கறவை மாட்டுக்கு அறுவை செய்து எடுத்த உருண்டையை நானே பார்த்தேன். பாலித்தீன் பையும் நைலான் கயிறும் பச்சை வலையும் பின்னிக் கிடந்தன. அந்த வீட்டு அம்மா, “வைக்கோலத்தானே போட்டோம், வேற என்ன போட்டோம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நைலான் கயிறும் இதே கதைதான். ஆகவே ‘நூல்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது, சணல் அல்லது கற்றாழை நார் என்று கேட்டு வாங்க வேண்டும். மூடாக்குப் போடுகிறவர்களுக்கும் இது முக்கியம். வாழைக்கும் தென்னைக்கும் போட்ட வைக்கோல் ஆறு மாதத்தில் மட்கிவிடும். அதில் கலந்த வலை மண்ணிலேயே கிடக்கும். சணலோ வைக்கோலோடு சேர்ந்து மட்கும். கட்டை அப்படியே மரத்தடியில் உருட்டிவிட்டாலும் கவலை இல்லை.

செலவைக் கணக்கிடும் முறை

விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்கு மாறாது. 60 சென்டிமீட்டர் உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். வலை இரண்டரைச் சுற்று என்றால் ஒரு கட்டுக்குச் சுமார் 4.7 மீட்டர். வலைச் சுருளில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். 2,000 மீட்டர் சுருள் என்றால் சுமார் 425 கட்டு. நூல் 12 சுற்று என்றால் கட்டுக்குச் சுமார் 23 மீட்டர். சணல் உருண்டை வாங்கும்போது கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரு கட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேவையையும் எழுதிப் பாருங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்றால் வருடத்துக்கு 1,825 கிலோ, அதாவது 15 கிலோ கட்டில் ஏறக்குறைய 120 கட்டு. எங்கள் 11 மாடுகளுக்கு 1,320 கட்டு. 44 ஏக்கரில் கிடைப்பது 1,760. மீதி 440 கட்டு வெளியே விற்காமல் மூடாக்குக்கு என்று முடிவு செய்தோம். ஒரு டன் நெல் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை சாம்பல் சத்து இருக்கிறது. லாரியில் ஏற்றினால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

சணலின் குறைகள்

சணலை மட்டும் புகழ்ந்து முடித்தால் நியாயம் ஆகாது. மட்டமான சணல் ஒரே சீராக இருக்காது, மெல்லிய இடத்தில் அறுந்துவிடும். எலி கடிக்கும். ஈரத் தரையில் வைத்தால் அடிப்பக்கம் நைந்து, தூக்கும்போது கட்டு பிரியும். லாரியில் அடுக்கித் தொலைதூரம் அனுப்பினால் ஓரச் சுற்று நழுவும். கேரளாவுக்கு வைக்கோல் அனுப்பும் வியாபாரி வலையைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. நம் கொட்டகைக்குள் நம் மாட்டுக்கே போகும் கட்டுக்கு அந்த இறுக்கம் தேவையில்லை. கட்டைத் தூக்கக் கைப்பிடி போல நூல் உதவுவது தனி லாபம்.

வாங்கும் முன் வயலில் பார்க்க வேண்டியவை

• உங்கள் டிராக்டரின் குதிரைத்திறன் போதுமா, பி.டி.ஓ. வேகம் 540 சுற்றுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இயந்திரத்தோடு கட்டும் சேர்ந்த எடையை ஈர வயலில் இழுக்க வேண்டும்.

• உங்கள் வயலில், உங்கள் ரக வைக்கோலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டை ரகத்தின் நீளத் தாள், குட்டை ரக வைக்கோலைப் போல உள்ளே போகாது, உருட்டுக் குழாயில் சுற்றிக்கொள்ளும். பெல்ட் வண்டி அறுத்த வைக்கோல், டயர் வண்டி மிதித்த வைக்கோல் இரண்டிலும் பாருங்கள்.

• நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு எங்கே, அறுக்கும் கத்தியை எப்படி மாற்றுவது, நூல் அறுந்தால் எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். வலை மாடல் என்றால் வலையின் பிரேக்கையும் கத்தியையும் பாருங்கள்.

• சங்கிலிக்குப் போடும் எண்ணெய் வைக்கோலில் சொட்டுகிறதா என்று கட்டைப் பிரித்துப் பாருங்கள். இயற்கை உழவர் இதை விடக்கூடாது.

• பேரிங், சங்கிலி, விரல் கம்பி உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் கிடைக்குமா? அறுவடை நாளில் உதிரி பாகத்துக்குக் காத்திருந்தால் மழை காத்திருக்காது.

• மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு உழவர், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதமும் மற்றவர்க்கு 40 சதவிகிதமும் மானியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் அந்த மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

எந்த மாடலானாலும் ஈர வைக்கோலைக் கட்டாதீர்கள். பனி உலர்ந்து, ஒரு பிடியை எடுத்து முறுக்கினால் ‘சரசர’வென ஒடிய வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் வரும், அளவு மீறினால் தீப்பிடிக்கவும் செய்யும். சந்தேகம் இருந்தால் கட்டுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே பிரித்துப் போடுங்கள்.

வலைதான் கிடைக்கிறது என்றால்

பலருக்குச் சொந்த பேலர் சாத்தியமில்லை. வாடகை வண்டியில் வலைதான் இருக்கும். பரவாயில்லை, நாலு ஒழுங்கை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். வலையின் நுனியைக் கண்டுபிடித்து உரியுங்கள், முடியாவிட்டால் ஒரே நேர்கோட்டில் ஒரே ஒரு வெட்டு. வலை முழுதும் கையில் வந்த பிறகே வைக்கோலைக் கையில் எடுங்கள். உரித்த வலையைக் கொட்டகைக்குள் போடாமல் வாசலில் தொங்கும் சாக்கில் போடுங்கள். வரப்பில் போட்டுக் கொளுத்தாதீர்கள். கூடுமானால் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: “அண்ணே, சணல் நாங்க வாங்கித் தர்றோம், நூல் மாடல் வண்டி இருந்தா அதை அனுப்புங்க.” எங்கள் ஊரில் இப்படிக் கேட்கும் வீடுகள் கூடியதும் ஒருவர் சணல் வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் சணல் நூல் மாடலுக்கே பணம் கட்டியிருக்கிறோம். தை அறுவடையில் முதலில் எங்கள் 44 ஏக்கர், பிறகு மாடு வைத்திருக்கும் பக்கத்து உழவர்களின் வயல் என்று ஓட்டும் வரிசையை எழுதி வைத்தாயிற்று. உங்கள் ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், மாட்டுக்கு எத்தனை கட்டு, மூடாக்குக்கு எத்தனை, விற்பனைக்கு எத்தனை என்ற தாளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.