உப்பு ஏறிய வயல்

நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர்களை நாம் அறிவோம். அந்நாட்டுக் கடலோரத்தில், சொந்த நிலம் இருந்தும் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போவோர் உண்டு. காரணங்களுள் ஒன்று உப்பு. அதைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

வங்காளதேசத்தின் தென்மேற்கிலுள்ள குல்னா, சாத்கிரா மாவட்டங்கள் தாழ்வான வண்டல் பூமி. அங்குள்ள ஆறுகளில் நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும். அது வயலுக்குள் புகாதிருக்க 1960-களில் மண்கரைகள் எழுப்பினார்கள். 2009 மே 25-இல் 'ஐலா' புயல் அக்கரைகளைப் பல இடங்களில் உடைத்தது. புயல் போய்விட்டது, உடைப்பை அடைக்கத்தான் முடியவில்லை. சில ஊர்களில் ஓராண்டுக்கு மேலாகக் கடல்நீர் வயலிலும் முற்றத்திலும் வந்துபோனது. மக்கள் எஞ்சிய கரைமேல் குடிசை போட்டு வாழ்ந்தார்கள்.

உப்பு மண்ணில் நெல் ஏன் வாடுகிறது? தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால், உப்பு அதன் நீரை வெளியே இழுக்கிறதல்லவா? மண்ணில் உப்பு மிகுந்தாலும் அப்படித்தான். வயலில் தண்ணீர் நின்றாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை.

குடிநீர்ப் பாடு இன்னும் கொடிது. குளமும் கரிக்கிறது, குழாய்க்கிணறும் கரிக்கிறது. பெண்கள் நெடுந்தூரம் குடம் சுமக்கிறார்கள். உப்புநீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் கூடுவதை குல்னா பகுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின.

எல்லாப் பழியையும் கடல்மேல் போடுவதும் நியாயமல்ல. இறால் வளர்க்கக் கரையை வெட்டி உப்புநீரை உள்ளே விட்டவர்களும் உண்டு. கோடையில் ஆற்றில் வரும் நன்னீரும் குறைந்துபோயிற்று. ஆனால் பூமி சூடேறுவதால் கடல்நீர் விரிகிறது, பனிமலைகள் உருகுகின்றன, கடல்மட்டம் உயர்கிறது. பழைய கரைகள் போதவில்லை. இத்தனைக்கும், உலகைச் சூடாக்கும் வாயுக்களில் வங்காளதேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை!

அம்மக்கள் கைகட்டி இருக்கவில்லை. 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பின்னர் எச்சரிக்கையும் புயல் காப்பகங்களும் பெருகின. 2020-இல் 'அம்பான்' புயலில் அங்கே இறந்தோர் நூறு பேருக்கும் குறைவு. உப்பைத் தாங்கும் நெல்லும் வந்தது. மழைநீரைத் தொட்டியில் சேர்க்கிறார்கள். உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டார்கள். உப்பேறிய நிலத்தை மீட்கப் பெரும் பணம் வேண்டும். இத்தகைய இழப்புகளுக்கு உதவ, 2022-இல் எகிப்தில் கூடிய நாடுகள் ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டன. அதன்பின் பணக்கார நாடுகள் தருவதாகச் சொன்ன தொகையோ தேவைக்கு மிகமிகக் குறைவு.