எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

அகர்தலா, திரிபுரா மாநிலத்தின் தலைநகரம். கொல்கத்தா, மேற்கு வங்காளத்தின் தலைநகரம். இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. வானத்தில் நேராகப் போனால் சுமார் 330 கிலோமீட்டர். இரயிலில் போனால் 1,500 கிலோமீட்டருக்கும் மேல்!

ஏன் இந்த வேறுபாடு?

இந்திய வரைபடத்தைப் பாருங்கள். திரிபுராவுக்கு வடக்கு, மேற்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கமும் வங்காள தேசம் இருக்கிறது. 1947-க்கு முன் அங்கே எல்லைக்கோடு இல்லை. அகர்தலா மக்கள் அருகில் உள்ள அகௌரா நிலையத்தில் இரயில் ஏறிக் கொல்கத்தா போனார்கள். நாடு பிரிந்தது. அகௌரா எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 1965-இல் நடந்த போரோடு எல்லை தாண்டிய இரயில்களும் நின்றன.

இன்று அகர்தலாவில் புறப்படும் இரயில் முதலில் வடக்கே அஸ்ஸாமுக்குப் போகிறது. பிறகு மேற்கே திரும்பி, சிலிகுரி அருகே ஒரு குறுகிய நிலப்பகுதியைக் கடக்கிறது. இதைக் 'கோழிக் கழுத்து' என்பார்கள். அதன் பிறகுதான் தெற்கே கொல்கத்தாவுக்கு இறங்குகிறது. வங்காள தேசத்தைச் சுற்றிக்கொண்டு போக ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது.

2023-இல் அகர்தலா - அகௌரா இரயில் பாதை திறந்து வைக்கப்பட்டது. இந்த வழியாகக் கொல்கத்தா செல்லும் தூரம் சுற்றுவழியில் மூன்றில் ஒரு பங்குதான்.

விமானத்தில் எவ்வளவு நேரம்?

விமானம் வங்காள தேசத்தின் மேலே, அந்நாட்டின் அனுமதியோடு பறக்கிறது. உயரத்தில் அது மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அப்படியானால் 330 கிலோமீட்டருக்கு 25 நிமிடம் போதுமே! ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. ஏன்? ஓடுபாதைக்குப் போக வேண்டும். மெல்ல மேலே ஏற வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். குறைந்த தூரப் பயணத்தில் இவற்றுக்கே பாதி நேரம் போய்விடும்.

வீட்டிலிருந்து கணக்கிடுங்கள்

பறக்கும் நேரம் மட்டும் பயண நேரம் ஆகாது. விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது நல்லது. இறங்கிய பின் பெட்டியை எடுத்துக்கொண்டு நகருக்குள் போகவும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

பெரிய மருத்துவத்துக்காகக் கொல்கத்தா செல்லும் அகர்தலா மக்கள் பலர். நோயாளிக்கு ஒன்றரை நாளும் ஐந்து மணி நேரமும் ஒன்றல்ல. ஆனால் விமானக் கட்டணம் அதிகம். அவசரத்தில் வாங்கினால் இன்னும் அதிகமாகலாம். கடுமையான நோயாளி என்றால் மருத்துவரின் சான்று கேட்பார்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். படத்துடன் கூடிய அடையாள அட்டையும் கட்டாயம் வேண்டும்.

ஆகவே, வெளியூர் புறப்படும்போது 'எவ்வளவு தூரம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த வழி? வீட்டிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம்? எவ்வளவு செலவு?' என்றும் கேளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு எத்தனை வழிகள்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் ஆகும்? எழுதிப் பாருங்கள்.