வீட்டு பிளான்ல ஒரு மில்லிமீட்டர், உங்க பாக்கெட்ல எவ்வளவு?



ஹோம் லோன் வட்டியில கால் சதவீதம் குறையுமான்னு நாலு பேங்க்ல ஏறி இறங்குவோம். பிராசஸிங் ஃபீஸ் 5,000 ரூபாய்க்கு அரை நாள் பேரம் பேசுவோம். ஆனா அந்த லோன் பணம் முழுக்க எந்தக் காகிதத்தைப் பார்த்து செலவாகப் போகுதோ, அந்த வரைபடத்தை மட்டும் "அதெல்லாம் இன்ஜினீயர் பார்த்துப்பார்"னு விட்டுடுவோம். இந்தப் பதிவு அந்த வரைபடத்தைப் பத்தித்தான். இன்ஜினீயரிங் படிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு அடி ஸ்கேலும் மொபைல் கால்குலேட்டரும் போதும்.

பொதுவா பேசாம ஒரு ஊரை எடுத்துக்கலாம். காரைக்கால் மாவட்டம், கோட்டுச்சேரிமேடு. கடலை ஒட்டின மீனவ கிராமம், 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர். உங்க அப்பா பேர்ல அங்க 30க்கு 40 அடி மனை இருக்கு, நீங்க சென்னையில சம்பளத்துக்கு வேலை பார்க்கறீங்க, லோன் போட்டு வீடு கட்டணும்னு வெச்சுக்குவோம். உங்க கைக்கு எந்தெந்த வரைபடம் வரும், ஒவ்வொண்ணுலயும் எதைப் பார்க்கணும்?

முதல்ல, ஸ்கேல்னா என்ன?

1:100னா காகிதத்துல 1 மில்லிமீட்டர், தரையில 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர். வலது பக்க எண் பெருசாகப் பெருசாக அதிக இடம் தெரியும், விவரம் குறையும். நம்ம 40 அடி நீளத்தை (12.2 மீட்டர்) வெச்சே பாருங்க:

- 1:25,000ல அது அரை மில்லிமீட்டர் கூட வராது
- 1:4,000ல சுமார் 3 மில்லிமீட்டர்
- 1:500ல சுமார் 24 மில்லிமீட்டர்
- 1:100ல சுமார் 12 சென்டிமீட்டர்

ஒரே மனைதான். எந்த ஸ்கேல்ல பார்க்கறீங்கங்கறதைப் பொறுத்துத்தான் உங்க கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

1. கடலோர மேப்: கட்டவே முடியுமா?

கோட்டுச்சேரிமேடு மாதிரி ஊர்ல முதல் கேள்வியே இதுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், உயர் அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் பொருந்தும். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடலோரத்துல முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருக்கற கிராமப்பகுதிக்கு இதை 50 மீட்டராக் குறைச்சது. ஆனா அந்தப் பகுதிக்கான புது மேப் அங்கீகாரம் ஆகியிருந்தாத்தான் இது பொருந்தும். மீனவர் குடியிருப்புகளுக்கும் பழைய வீட்டைத் திருப்பிக் கட்டறதுக்கும் தனி விதிகள் இருக்கு.

இந்த மேப் 1:25,000 ஸ்கேல்ல தயாராகுது. அதுல அரை மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு கோடு போட்டா, தரையில அது 12.5 மீட்டர். உங்க மனை மொத்தமும் அந்தக் கோட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும்! அதனால மொபைல்ல ஜூம் பண்ணி "நம்ம இடம் வெளியிலதான் இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க. கிராம அளவுல 1:4,000ஐ ஒட்டின ஸ்கேல்ல, சர்வே எண்களோட வர்ற மேப்லதான் பார்க்கணும். மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது.

2. புலப்படம்: எவ்வளவு இடம், எங்க எல்லை?

சர்வே எண்ணுக்கான புலப்படத்தையும் பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அளவை ஒப்பிடுங்க. வாய்ப்பேச்சு அளவை மட்டும் நம்பாதீங்க. தஞ்சை டெல்டா பக்கம் ஒரு குழின்னா 144 சதுர அடி. புதுச்சேரி பக்கம் ஒரு குழின்னா 576 சதுர அடி. "அஞ்சு குழி"ன்னு சொன்னா ஒருத்தருக்கு 720 சதுர அடி, இன்னொருத்தருக்கு 2,880. காரைக்கால் இருக்கறது டெல்டாவுல, நிர்வாகம் புதுச்சேரி. குழப்பத்துக்கு வேற என்ன வேணும்? ஆவணத்துல ஹெக்டேர், ஆர், சென்டியார்னு இருக்கறதை நீங்களே மாத்திப் பாருங்க. 1 ஆர்னா 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி.

3. அப்ரூவல் பிளான்: அரசாங்கத்துக்கும் பேங்குக்கும்

நகர அமைப்புக் குழுமத்துக்குப் போற செட் இது. மனை ஊர்ல எங்க இருக்குன்னு காட்டற கீ பிளான், மனைக்குள்ள வீடு எங்க உட்காருதுன்னு காட்டற சைட் பிளான், அப்புறம் ஃப்ளோர் பிளான், எலிவேஷன், செக்ஷன். தேசிய கட்டட விதித்தொகுப்பு, கீ பிளானுக்கு 1:10,000ம் ஒரு ஹெக்டேர் வரையான மனையின் சைட் பிளானுக்கு 1:500ம் குறைந்தபட்சமாச் சொல்லுது. ஃப்ளோர் பிளான் வழக்கமா 1:100.

1:100ல ஒன்பது இஞ்ச் சுவர் வெறும் 2.3 மில்லிமீட்டர். நாலரை இஞ்ச் சுவர் 1.15 மில்லிமீட்டர். கண்ணால பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், செலவுல ஒண்ணு கிடையாது. அதனால எந்தச் சுவர் என்ன தடிமன்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க.

4. செக்ஷன்: எல்லாரும் தாண்டிப் போற பக்கம்

வீட்டைக் கேக் மாதிரி மேல இருந்து கீழ வெட்டிக் காட்டற படம். உயரம் எல்லாம் இதுலதான் இருக்கும். புயலும் மழைத்தண்ணியும் வர்ற ஊர்ல பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்ங்கறது உங்க வீட்டோட பாதுகாப்பு. அது ஃப்ளோர் பிளான்ல தெரியவே தெரியாது.

கணக்கு பாருங்க. 1,000 சதுர அடி வீட்டுக்கு பேஸ்மட்டம் ஒரு அடி கூடினா சுமார் 1,000 கன அடி நிரப்பணும், அதாவது 10 யூனிட். மேல சுத்திக் கட்டுவேலை வேற. கான்ட்ராக்டர் சதுர அடி ரேட் சொல்லும்போது "பேஸ்மட்டம் ரோட்டுல இருந்து எத்தனை அடி?"ன்னு கேட்டு செக்ஷன்ல எழுதி வாங்குங்க. இல்லைன்னா அது அப்புறம் "எக்ஸ்ட்ரா ஒர்க்"னு பில்லா வரும்.

5. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்: உப்புக் காத்துக்கு எதிரான காப்பீடு

தூண், ஃபூட்டிங், பீம், ஸ்லாப். வழக்கமா 1:50, கம்பி விவரம் 1:20 அல்லது 1:10. இதுல ரெண்டே ரெண்டு வரி தேடுங்க: கான்கிரீட் கிரேடு, கவர்.

கவர்னா கம்பிக்கு வெளியில இருக்கற கான்கிரீட் தடிமன். ஐஎஸ் 456:2000 விதிப்படி, சாதாரண சூழலுக்கு எம்20 கான்கிரீட், 20 மில்லிமீட்டர் கவர். கடலோரச் சூழலுக்கு நேரடியா வெளிப்படற கான்கிரீட்டுக்கு எம்30, 45 மில்லிமீட்டர். கடல்நீர்த் தெறிப்பு படற இடத்துக்கு எம்35, 50 மில்லிமீட்டர். உள்நாட்டு ஊர் வீட்டுக்குப் போட்ட டிராயிங்கை அப்படியே காப்பி அடிச்சுக் கொடுத்தா, உங்க லோன் முடியறதுக்கு முன்னாடியே கம்பி துருப்பிடிச்சு சீலிங் பேத்துக்கிட்டு விழலாம். கவர் பிளாக் விலை மொத்த பட்ஜெட்ல ஒண்ணுமே இல்லை.

கம்பிப் பட்டியலும் கேளுங்க. ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்: விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162ஆல வகுங்க. 12 மில்லிமீட்டர் கம்பின்னா 0.89 கிலோ. கடை பில்லோட சரிபார்க்க இது போதும்.

6. ஒர்க்கிங் டிராயிங்: எக்ஸ்ட்ராவைத் தடுக்கறது

கரண்ட் பாயிண்ட், தண்ணி பைப், படிக்கட்டு, ஜன்னல் விவரம். நுணுக்கமான இடம் 1:20, 1:10, 1:5ல வரும். அப்ரூவலுக்கு இது தேவைப்படாததால பலர் வாங்கறதே இல்லை. பூச்சு முடிஞ்சப்புறம் "இங்க ஏசி பாயிண்ட் வேணும்"னு சுவரை உடைப்போம்.

இந்த மாதிரி மாத்தல்ல 2 லட்சம் கூடி, அதையும் லோன்ல சேர்த்தீங்கன்னு வெச்சுக்கோங்க. 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசம் சுமார் 1,736 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 4.17 லட்சம். டிராயிங் ஃபீஸை மிச்சம் பிடிச்சதோட உண்மையான விலை இது.

பேங்க் என்ன பார்க்கும்?

சொந்த மனையில கட்டறவங்ககிட்ட, கடன் கேக்கறவர் பேர்ல அங்கீகரிச்ச பிளானை வாங்கணும்னு ரிசர்வ் வங்கி 2006லயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. மனை அப்பா பேர்ல, லோன் உங்க பேர்லன்னா, அவரை இணை விண்ணப்பதாரராச் சேர்க்கறதா, மனையை மாத்தி எழுதறதான்னு பிளான் போடறதுக்கு முன்னாடியே பேங்க்ல கேட்டுடுங்க. பிளான் வந்தப்புறம் பேர் மாத்தறது இரட்டைச் செலவு.

பணமும் ஒரே தடவையில வராது. கட்டட நிலை பார்த்துத் தவணையா வரும். பிளான்ல இல்லாத ரூம் தரையில இருந்தா அடுத்த தவணை நிக்கலாம். வேலை நின்னாலும் வட்டி நிக்காது, வாடகையும் நிக்காது.

வாட்ஸ்அப் பிடிஎஃப் ஆபத்து

ஏ1 ஷீட்ல 1:100ஆ போட்ட படத்தை ஏ3ல பிரிண்ட் எடுத்தா அது 1:200 ஆயிடும். ஆனா மூலையில "1:100"ன்னே எழுதியிருக்கும்! 10 அடி ரூமை ஸ்கேல் வெச்சு அளந்தா 5 அடின்னு காட்டும். அதனால ரெண்டு விதி: எழுதின அளவைத்தான் நம்பணும், அளந்து பார்க்கற அளவை இல்லை. படத்துல ஸ்கேல் பார் இருக்கணும். படம் சுருங்கினா அதுவும் கூடவே சுருங்கும், ஏமாத்தாது.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்

- கிராம அளவு கடலோர மேப்ல சர்வே எண் பார்த்தாச்சா?
- புலப்படம், பத்திரம், தரை மூணும் ஒத்துப்போகுதா?
- செக்ஷன்ல பேஸ்மட்ட உயரம் எண்ணா இருக்கா?
- கான்கிரீட் கிரேடும் கவரும் கடலோரத்துக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்கா?
- ஒவ்வொரு ஷீட்லயும் தேதியும் திருத்த எண்ணும் இருக்கா? மேஸ்திரி கையில இருக்கறதும் அதே ஷீட்தானா?
- கான்ட்ராக்ட்ல "இணைத்துள்ள வரைபடங்களின்படி"ன்னு ஷீட் எண்களோட எழுதியாச்சா?

கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம். நாளைக்கு ஒரு தகராறுன்னா "நான் அப்படித்தானே சொன்னேன்"ங்கறது செல்லாது, ஷீட்ல இருக்கறது மட்டும்தான் செல்லும்.

ஊர்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கற நண்பர் யாராவது இருந்தா, ஸ்லாப் போடறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க. உங்க பிளான்ல எந்த இடம் புரியலைன்னு கமெண்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோவுல எஸ்டிமேட்டை வரி வரியாப் பார்ப்போம்.